முப்பத்தொரு வளையங்கள்

ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால் நின்ற தூனா மரம் ஒரு மழைக்காற்றில் சாய்ந்தது. நான் பிறந்த வாரம் அதை நட்டதாக அப்பா சொல்வார். அதன் பலகையில் என் புத்தகங்களுக்கு ஓர் அலுமாரி செய்வது அவர் எண்ணம். வேலை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளையோ, அது தோட்ட நிர்வாகம் வைத்த பழைய மரம், லொறியில் ஏற்றப்போகிறோம் என்றார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடத்தைப் பார்த்தவள் நான். உயர்தரம் வரை போனவள். அன்று எனக்குப் பதினெட்டு வயது. "சண்டை எதுக்கு? மரத்தையே கேப்போம்" என்றேன். அடிமரத்தை அறுத்தார்கள். வருடத்துக்கு ஒரு வளையம் என்று எல்லோருக்கும் விளக்கிவிட்டு, பென்சில் முனையால் எண்ணத் தொடங்கினேன். பதினெட்டில் நிறுத்தியிருக்கலாம். லயமே சுற்றி நின்று பார்த்தது. முப்பத்தொன்றில்தான் பட்டை வந்தது.

"படிச்ச புள்ளையே சொல்லிருச்சு. இன்னும் என்னய்யா?" என்று கணக்கப்பிள்ளை அப்பாவைப் பார்த்துச் சிரித்தார்.

மறுநாள் லொறி வந்து மரத்தை ஏற்றிக்கொண்டு போனது.

கண்டிக்குப் படிக்கப்போன பிறகுதான் மீதியைத் தெரிந்துகொண்டேன். பட்டைக்கு உட்புறம் இருக்கும் மெல்லிய படலத்தில்தான் மரம் பருக்கிறது. மழை பெய்தால் அகன்ற, வெளிறிய உயிர்க்கலங்கள் உண்டாகும். காய்ந்தால் கலங்கள் சிறுத்து, கருங்கோடாகத் தெரியும். குளிர் நாடுகளில் அந்தக் கோடு வருடத்துக்கு ஒன்று. எங்கள் மலைக்கு மழை இரண்டு பக்கத்திலிருந்தும் வருகிறது. நடுவில் இரண்டு முறை காய்ந்தால், ஒரே வருடத்தில் இரண்டு கோடுகள் விழலாம்.

அதன்பின் ஊருக்குப் போகும் ஒவ்வொரு பஸ்ஸிலும் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். சொன்னால் லயத்தில் எனக்கிருக்கும் பெயர் என்னவாகும் என்றும் நினைத்தேன். ஒவ்வொரு முறையும் சொல்லாமலே திரும்பினேன்.

போன பொங்கலுக்குப் போனபோது, புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் அப்பா பெருமை பேசிக்கொண்டிருந்தார்.

"மரத்தைப் பாத்தே வயசு சொல்லிரும் எங்க புள்ள. நான்தான் நட்டது எந்த மரம்னு மறந்துபோய் உளறிட்டேன்."

நான் போய் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இல்லப்பா, நீங்க சொன்னதுதான் சரி. ஒரே வருசத்துல ரெண்டு வளையம் விழும். நான்தான் தெரியாம சொல்லிட்டேன்." காகிதத்தில் வரைந்தும் காட்டினேன்.

அப்பா காகிதத்தைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"பாத்தீங்களா? அப்பன் மனசு நோகக் கூடாதுன்னு சொல்லுது."

நான் மறுபடி வாயைத் திறந்தேன்.

"தேத்தண்ணி ஆறுது, குடி பாப்பா" என்றார் அப்பா.