இரண்டு என்று சொன்னவர்கள்

நர்ஸின் விரல்கள் நோயாளியின் விரல்களைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கணுவாக, தன் நகத்தின் நுனி வெளுக்கும் அளவுக்கு மட்டும் அழுத்தினாள். அதற்கு மேல் போனால் நல்ல மூட்டும் வலிக்கும். குறைந்தால் வீக்கம் கைக்குப் பிடிபடாது.

"வலிக்குதாண்ணே?"

"உங்க கை பட்டாலே வலி ஓடிடுதும்மா," என்றார் லாரி ஓட்டுபவர்.

"எங்கேயும் ஓடாது. வெளியில பெஞ்சுல உக்காந்திருக்கும், நீங்க போறப்ப கூடவே லாரியில ஏறிக்கும். சொல்லுங்க, வலி பத்துக்கு எவ்வளவு?"

"ரெண்டு போட்டுக்குங்க."

போட்டுக்கொண்டாள்.

முடக்குவாதப் பிரிவில் அவள் நர்ஸ். யாருக்கு என்ன மருந்து, எத்தனை மூட்டில் வீக்கம், வலி எவ்வளவு என்று பார்த்துக் கணினியில் ஏற்றுவது அவள் வேலை. பல ஊர் மருத்துவமனைகளிலிருந்தும் இப்படிப் போவதெல்லாம் ஒரே பதிவேட்டில் சேர்ந்தது. ஒருவருக்கு மருந்து வேலை செய்ததா என்பதை மருத்துவரே பார்த்துச் சொல்லிவிடுவார். ஆயிரம் பேருக்கு, வருடங்கள் கழிந்தும் வேலை செய்கிறதா என்பதைப் பதிவேடுதான் சொல்ல வேண்டும். "இது உங்களுக்குப் பரீட்சை இல்ல, மருந்துக்குப் பரீட்சை," என்பாள் புதிதாக வருபவர்களிடம்.

அவள் யாரிடமும் முகம் சுளித்ததில்லை. நோயாளிகள் அவளைத் 'தங்கக்கை' என்றார்கள். அவள் கணக்கில் இருந்தவர்களில் அவளுடைய அக்காவும் ஒருத்தி. பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தாள். அவளும் எப்போதும் சொல்வது இரண்டுதான்.

அந்த வருடம் பதிவேட்டிலிருந்து வந்த அறிக்கையை மருத்துவர் அவள் பக்கம் நகர்த்தினார்.

"நம்ம ஆளுங்க சொல்ற வலிதான் எல்லா இடத்தையும் விடக் குறைச்சல். ஆனா எக்ஸ்ரேல எலும்பு அரிச்சிருக்கறதும் நம்மகிட்டதான் ஜாஸ்தி. எங்கேயோ தப்பு நடந்திருக்கு."

எக்ஸ்ரே மாறிப்போயிருக்கும் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் வைத்துப் பெயரைச் சரிபார்த்தாள். எதுவும் மாறவில்லை. அக்காவின் விரல் கணுக்களில் எலும்பின் ஓரம், எலி கொறித்த பிஸ்கட்டைப் போல இருந்தது.

வேலை முடிந்ததும் நேரே அக்காவின் கடைக்குப் போனாள். வாடிக்கைக்காரி பாதி வெட்டிய தலையோடு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். அக்கா குழாயடியில் நின்றாள். வீங்கிய விரலில் கத்தரியின் வளையம் மாட்டிக்கொண்டு வெளியே வர மறுத்தது. இவள் சோப்பைக் குழைத்துத் தடவி, மெல்லத் திருகி எடுத்தாள்.

"எத்தனை நாளா இப்படி?"

"நாளா? வருஷம்னு கேளு."

"என்கிட்ட ரெண்டுன்னு சொன்னியேக்கா!"

"உன்கிட்ட வர்ற அன்னிக்குக் காலையில வலி மாத்திரை போட்டுக்குவேன். வீக்கம் வத்திடும். எட்டுன்னு சொன்னா உன் மூஞ்சி போற போக்கு எனக்குத் தெரியாதாடி? நான் மட்டுமில்ல. பெஞ்சுல இருக்கறவங்க எல்லாரும் பேசிக்கறதுதான். அந்தப் பொண்ணு இவ்வளவு பாத்துப் பாத்துத் தொடுது, அது மனசை எதுக்கு நோகடிக்கணும்னு."

கோபித்துக்கொள்ளத்தான் அவளுக்கு ஆசை. அக்காவின் கையைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே நின்றாள்.

"ஏம்மா, என் தலை?" என்றாள் வாடிக்கைக்காரி. மீதியைத் தங்கைதான் கோணல்மாணலாக வெட்டி முடித்தாள்.

மறுநாளிலிருந்து வலியைக் கேட்கும் வேலையை, வாசலில் டோக்கன் கொடுக்கும் சிடுமூஞ்சியிடம் விடச் சொன்னாள்.

"அவரா? அவர் வள்ளுன்னு விழுவாரே!" என்றார் மருத்துவர்.

"அதனாலதான் டாக்டர். அவர் மனசு நோகுமேன்னு யாரும் கவலைப்பட மாட்டாங்க."

யாரும் கவலைப்படவில்லை. ஏழு, எட்டு, ஒன்பது என்று வந்து விழுந்தது. லாரிக்காரர் ஏழு. அக்கா எட்டு. காலையில் வலி மாத்திரை போட்டாயா என்று கேட்டு அதையும் தனியாக எழுதினார்கள்.

பழைய எண்கள்தான் மீதி. அவற்றை அப்படியே விட்டால், இவர்களுக்குக் கொடுத்த மருந்து நன்றாக வேலை செய்கிறது என்று பதிவேடு சொல்லிக்கொண்டிருக்கும். எங்கோ ஓர் ஊரில் முகம் தெரியாத யாருக்கோ அதையே இன்னும் நீட்டிக்கொண்டிருப்பார்கள். அவள் தன் கையால் ஏற்றிய ஒவ்வொரு இரண்டுக்கும் எதிரில், 'நேரில் நான் கேட்டது, நம்ப வேண்டாம்' என்று குறித்துக்கொண்டே வந்தாள்.

அக்காவுக்கு மருந்து மாற்றினார்கள். "இருக்கறதைக் காப்பாத்தலாம். போனது வராது," என்றார் மருத்துவர். அக்கா தலையாட்டினாள். கடையை யாரிடம் விடுவது என்று மட்டும் வீட்டுக்குப் போகும் வழியில் கேட்டாள்.

பழைய எண்களைக் குறித்து முடித்ததும் எல்லாவற்றையும் அச்செடுத்து, கட்டிக் கொண்டுபோய் மருத்துவரின் மேஜை முன்னால் நின்றாள்.

"எல்லாருடையதும் இருக்கா?"

"எல்லாருடையதும் இருக்கு டாக்டர்."

கட்டை நீட்டினாள். அக்காவின் தாள் அதன் நடுவில் எங்கோ, மற்றவர்களோடு மற்றவர்களாக இருந்தது.