ஒழுகாத காம்பரா

எழுபதுகளில் அப்புத்தளைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருந்தோம். ஒரே காம்பரா, அந்த ஒற்றை அறைக்குள்ளேயே அடுப்பு. தகரக் கூரை சல்லடையாக இருந்தது. தோட்டத்து ஆபீசில் புதுத் தகரம் கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம்.

என் வீட்டுக்காரருக்கு உரம் போடும் வேலை. உரப்பைக்குள் தடித்த பொலித்தீன் பை ஒன்று இருக்கும். காலியானவற்றைக் கேட்டு வாங்கிவந்து, ஓடையில் அலசி, வெட்டி விரித்துக் கூரைக்கு அடியில் அடித்தார். எனக்கு அது போதவில்லை. மகளுக்கு அப்போது ஏழு மாதம். பனி இறங்கினால் மூச்சு இழுக்கும். சுவருக்கும் தகரத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளியையும் அடைக்கச் சொல்லி நச்சரித்தேன்.

"அது எதுக்கு? மழை மேல இருந்துதானே வருது," என்றார்.

"பனி? அது ஒங்ககிட்ட கேட்டுக்கிட்டா வருது?" என்றேன்.

அடைத்தார். சொட்டுத் தண்ணீர் விழவில்லை. பக்கத்துக் காம்பராப் பெண்கள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அடுப்புப் புகை அதுவரை அந்த இடைவெளி வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. குளிருக்குக் கதவையும் சாத்திக்கொண்டு ஈர விறகை ஊதி ஊதி எரித்தேன். பிள்ளைக்கு இழுப்பு கூடியது. கூடக்கூட இன்னும் எரித்தேன், மடச்சி.

பதுளை ஆஸ்பத்திரியில் டாக்டர், "வீட்டுல பொகை போக வழி இருக்கா?" என்று கேட்டார். வீட்டுக்காரர் வெளியே நின்றிருந்தார். கேட்டவுடனேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"இருக்குங்க ஐயா," என்றேன்.

பயமோ வெட்கமோ, எதுவானாலும் அதை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. மூன்றாம் நாள் பிள்ளை போய்விட்டாள்.

திரும்பி வந்த அன்றே சுவரோரப் பொலித்தீனைக் கிழித்துப் போட்டேன். துக்கத்தில் செய்கிறாள் என்று அவர் தடுக்கவில்லை. பனிதான் பிள்ளையைக் கொண்டுபோனது என்று லயமே சொன்னது. நானும் தலையாட்டினேன்.

இரண்டு வருடம் கழித்து மகன் பிறந்தான். முப்பதாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் அவர் பைகளோடு வந்து பலகைப் பெட்டிமேல் ஏறினார்.

"இந்தத் தடவ ரெண்டு மடிப்பா அடிச்சு சுத்தி அடைச்சிடுறேன். அன்னைக்கு ஒத்தையா அடிச்சேன், பனி உள்ள வந்துருச்சு. அந்தப் புள்ளைய நான்தான் கொன்னுட்டேன்," என்றார்.

"எறங்குங்க," என்றேன்.

இறங்கி வந்தவரிடம், டாக்டர் கேட்டதையும் நான் சொன்னதையும் சொன்னேன்.