ராணியம்மாவின் முழங்காலும் மார்கழிச் சேறும்

ஆபரேஷன் செய்து முழங்கால் மூட்டு மாற்றியவர்களின் வீட்டுக்குப் போய்க் கால் மடக்கிவிடுவது என் பிழைப்பு. உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் என் வண்டிச் சத்தம் கேட்டாலே சிலருக்கு வலி ஆரம்பித்துவிடும். நீங்களும் மூட்டு மாற்றியவரென்றால் என்னைப்போல் ஒருவனை மனசுக்குள் திட்டியிருப்பீர்கள். திட்டுங்கள், பரவாயில்லை.

பவுடர் டப்பா

ராணியம்மா முப்பது வருஷம் நடவு நட்டவர். வலது முழங்கால் மாற்றி மூன்று வாரமாகியும் எழுபது டிகிரிக்கு மேல் மடங்கவில்லை. ஆறாவது வாரத்துக்குள் தொண்ணூறு வராவிட்டால், மயக்க மருந்து கொடுத்து மடக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை நினைத்தாலே அவருக்குக் கண் கலங்கிவிடும். "நான் தூங்கசொல்லோ என் காலை யாரும் மடக்கக் கூடாது சார்" என்பார்.

பயிற்சிக்கு அரைமணி முன்னால் போடச் சொன்ன வலி மாத்திரைகள் பவுடர் டப்பாவில் அப்படியே இருந்தன. வலியோடு மடக்கினால் எந்தக் கால் மடங்கும்? எனக்குக் கோபம் வந்து கத்திவிட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "இத்தவிட பெரிய வலி வந்தா போட்டுக்கலாம்னு வெச்சினு கீறேன் சார்."

மீன்காரர் ஐஸ்

வீட்டில் ஃபிரிட்ஜ் இல்லை. அவர் கணவர் மாணிக்கம், மீன்காரரிடம் ஐஸ் வாங்கி, பாலிதீன் பையில் போட்டுத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தார். தெருப் பூனைகள் இரண்டு கூடவே வந்து கட்டிலுக்கடியில் உட்கார்ந்துகொண்டன. முழங்காலில் வைத்ததும் ராணியம்மா கண்ணை மூடினார். தூங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். "மார்கழி மாசத்து கயினி சேறு சார், அப்பிடியே கீது" என்றார். நாற்று நட இறங்கும் கழனியின் குளிர்ச்சியைச் சொல்கிறார்.

பின்னால் போகும் கால்

நடவு நடுகிறவர்கள் பின்னால்தான் நகர்வார்கள். இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லையோ! மறுநாளிலிருந்து என் கண்முன்னாலேயே மாத்திரையைப் போடவைத்து, அரைமணி கழித்து ஐஸ் வைத்து, நாற்காலியில் உட்காரவைத்தேன். மடக்குங்கள் என்ற பேச்சையே விட்டுவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு நாற்று நடச் சொன்னேன்.

குதிகால் தரையில் மெல்லப் பின்னால் போகப் போக, முழங்கால் தானே மடங்கியது. கை தானாக நாற்றைப் பிரித்து ஊன்றியது. அந்தச் சிமென்ட் தரையில் தண்ணீர் பரவி, அதில் வானம் கிடப்பதுபோல் எனக்கே இருந்தது. ஒரு கொக்கு வந்து இறங்கியிருந்தால்கூட ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். எத்தனை தடவை என்று எண்ணவும் மறந்துபோனேன். வாசற்படியிலிருந்து மாணிக்கம்தான் எழுப்பினார்: "சார், நீங்களும் தூங்கிட்டா யாரு எண்றது?"

செங்கல்

ஆறாவது வாரம், டாக்டரைப் பார்ப்பதற்கு முதல் நாள். தொண்ணூறு டிகிரிக்குக் குதிகால் வந்து சேரவேண்டிய இடத்தில், அவருக்குத் தெரியாமல் ஒரு செங்கல் வைத்தேன். கண்ணை மூடி நட ஆரம்பித்தார். பாதியில் நெற்றி சுருங்கியது, கால் நின்றுவிட்டது. மூச்சை விட்டு, இன்னும் கொஞ்சம் பின்னால் போனார். குதிகால் செங்கல்லில் முட்டியது. கண்ணைத் திறக்காமலே கேட்டார்: "வரப்பு வந்துச்சு சார், கரையேறட்டா?"

ஏறச் சொல்லிவிட்டேன். பத்து வருஷமாக 'மடக்குங்க, மடக்குங்க' என்று நான் கத்தியதற்கு எந்த முழங்காலும் இவ்வளவு மரியாதை கொடுத்ததில்லை.