மத்தியானம் மட்டும் இறங்காத கண்ணாடி

“கை எங்கே?” என்று தேர்வு அதிகாரி கேட்டார். 

கை என் மடியில்தான் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே இருக்க வேண்டிய நேரம் அது. எங்கள் ஓட்டுநர் தேர்வில் வண்டியைத் திருப்புவதற்கு முன் கையை வெளியே நீட்டிச் சைகை காட்டியாக வேண்டும். நான் பட்டனை அமுக்கினேன். கண்ணாடி நான்கு விரல் அளவு இறங்கியது, ஒரு முனகல் முனகியது, நின்றுவிட்டது. மறுபடி அமுக்கியும் அசையவில்லை. வேறு வழி தெரியாமல் அந்த இடுக்கு வழியாக இரண்டு விரலை நீட்டி ஆட்டினேன். வரிசையில் நின்றவர்கள் சிரித்தது காதில் விழுந்தது.

அதிகாரி இறங்கி, மைதான ஓரத்தில் நின்றிருந்த என் அத்தையிடம் போனார். “இந்தப் பொண்ணு ஃபெயில். அது கிடக்கட்டும். வர்ற இருபதாம் தேதி உங்க பயிற்சி வண்டிக்கு வருஷச் சோதனை இருக்கு. கண்ணாடி இப்படியே இருந்தா பெர்மிட்டை ரத்து பண்ணிடுவேன். அப்புறம் நீங்க யாருக்கும் கத்துக் குடுக்க முடியாது.”

அன்று தேதி ஐந்து.

அத்தை என் அப்பாவின் தங்கை. அவரிடம் கார் ஓட்டக் கற்றவர்கள் அவரை ‘பிரேக் அக்கா’ என்பார்கள். கற்றுக்கொடுக்கும் காரில் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அத்தை செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை அதன் மேல் வைத்தபடியே இருப்பார். அதற்கு முன்பு ஒன்பது வருஷம் பள்ளி வேன் ஓட்டினார். வேன் முதலாளி ஒருநாள் தன் மச்சினனுக்கு வேலை வேண்டும் என்று அத்தையிடம் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார். அடுத்த மாதமே அத்தை இந்தக் காரைப் புதிதாக வாங்கி, இரண்டாவது பிரேக் பொருத்தி, பெர்மிட் எடுத்தார்.

அவரிடம் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நாற்பது தாண்டிய பெண்கள். “புருஷன்கிட்ட கத்துக்கிட்டு வந்தவங்களுக்கு முதல் வாரம் மறக்கத்தான் சொல்லித் தருவேன்” என்பார். வகுப்பில் ஏசி போட விடமாட்டார். பின்னால் அடிக்கிற ஹாரன் காதில் விழாதவர்கள் வண்டி ஓட்டவே வேண்டாம் என்பது அவர் கட்சி. அதனால் அந்தக் காரின் கண்ணாடி ஒரு நாளைக்கு இருபது தடவையாவது ஏறி இறங்கும்.

ஆறாம் தேதி காலை, கார் வாங்கிய ஷோரூமுக்கே வண்டியைக் கொண்டு போனோம். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளக்கும் தரை. சர்வீஸ் பிரிவில் டை கட்டிய ஒரு இளைஞர் இருந்தார். அவர் பெயர் சட்டையில் குத்தியிருந்தது. அதை எழுத எனக்கு விருப்பமில்லை. ‘டை’ என்றே எழுதுகிறேன்.

“ரப்பர் காஞ்சிருக்கு மேடம். ஸ்பிரே அடிச்சாச்சு” என்று டை சாவியைக் கொடுத்தார். இரண்டு நாள் கண்ணாடி வெண்ணெய் மாதிரி வழுக்கியது. மூன்றாம் நாள், ஸ்பிரே எண்ணெயில் தெருத் தூசியெல்லாம் ஒட்டிப் பசையாகிவிட்டது. நான்கு விரல் இறங்கியது இப்போது மூன்று விரல்.

பத்தாம் தேதி மறுபடி போனோம். வண்டியை இரண்டு நாள் வைத்துக்கொண்டு, ‘சோதித்தோம், குறை இல்லை’ என்று வேலைச் சீட்டில் அச்சடித்து, அதன் கீழே அத்தையின் கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள். குளிர்ந்த கொட்டகைக்குள் காலை ஒன்பது மணிக்குச் சோதித்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடி காலையில் நல்ல பிள்ளை. வெயில் ஏறி ரப்பர் உப்பினால்தான் அதன் குணம் தெரியும். மத்தியானம் வெளியே வெயிலில் நின்ற வண்டியை எடுத்துக்கொண்டு நாங்கள் வாசலுக்கு வருவதற்குள்ளேயே அது சிக்கிக்கொண்டது. வெளியே போகும் சீட்டை வாங்கக் கை நீட்டிய காவலாளிக்கு அத்தை கதவைத் திறந்துதான் கொடுத்தார். கதவு விளிம்பு காவலாளிக் கூண்டின் கம்பத்தில் உரசிப் பெயிண்ட் போனது.

நேராகத் திரும்பி உள்ளே போனோம்.

“காலையில ஓகேவா இருந்துச்சே மேடம்.”

“காலையில நானும்தான் நல்லா இருந்தேன்” என்றார் அத்தை.

டை வண்டியை நிழலுக்குள் விட்டுவிட்டு எங்களை ஒரு மணி நேரம் காக்க வைத்தார். அப்புறம் வந்து பட்டனை அமுக்கினார். இறங்கியது. “பாத்தீங்களா? எங்க கண்ணு முன்னாடி குறை வந்தாத்தான் பார்ட் மாத்த முடியும். கம்பெனி ரூல்.”

“தம்பி, மத்தியான வெயில்ல பாருங்கன்னு மூணு தடவை சொல்லிட்டேன்.”

“நீங்க கண்ணாடியை ரொம்ப யூஸ் பண்றீங்க மேடம்.”

“பின்ன பட்டன் எதுக்கு வச்சீங்க, அழகு பார்க்கவா?”

டை கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். பிறகு புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தார். “வண்டியில ரெண்டாவது பிரேக் போட்டிருக்கீங்க. அது எங்க கம்பெனி பொருத்தினது இல்ல. அதனால வாரன்டியே செல்லாதுன்னு கூட நாங்க சொல்லலாம்.”

“பிரேக் என் காலுக்கடியில இருக்கு. கண்ணாடி கதவுல இருக்கு. ரெண்டுக்கும் என்ன சொந்தம், மாமன் மச்சானா?”

பக்கத்து மேசைக்காரர் சிரித்தார். டை சிரிக்கவில்லை. ஒரு படிவத்தை நீட்டி, சேவையில் திருப்தியா என்று டிக் செய்யச் சொன்னார். அதை அத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டது எனக்கு ஆச்சரியம். அந்த இடத்திலேயே கிழித்து அவர் முகத்தில் எறிவார் என்று எதிர்பார்த்திருந்தேன்.

அந்த வாரம் அத்தை வகுப்பே எடுக்கவில்லை. பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் கண்ணாடிப் பள்ளத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார். ‘வேறு மெக்கானிக்கிடம் காட்டலாமே’ என்றேன். வெளியாள் கதவைக் கழற்றினால் அதையே சாக்காக வைத்து ஷோரூம்காரன் கைகழுவி விடுவான் என்றார். பிறகு சுரண்டுவதை நிறுத்தாமலேயே சொன்னார்: “பெர்மிட் போச்சுன்னா மறுபடி அந்த வேன்காரன் வாசல்ல போய் நிக்கணும். நான் நிக்க மாட்டேன்.” குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. நான் இன்னொரு பழைய பிரஷ்ஷை எடுத்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பதினைந்தாம் தேதி காலை பதினொரு மணிக்கு அத்தை காரை ஷோரூம் வாசலில், புது வண்டிகளை வாங்க வருகிறவர்களிடம் சாவி கொடுக்கும் இடத்தில், நல்ல வெயிலில் நிறுத்தினார். எல்லாக் கண்ணாடியையும் ஏற்றிப் பூட்டினார். உள்ளே போய் டையின் எதிரில் உட்கார்ந்தார்.

“வண்டியை எடுங்க மேடம், அங்க டெலிவரி இருக்கு.”

“எடுக்கிறேன். சூடாகட்டும்.”

“எது?”

“வண்டி. நான் எப்பவோ ஆயாச்சு.”

மூன்று மணி நேரம் அவர் நகரவில்லை. புதுக் கார் வாங்க வந்த ஒரு குடும்பம் எதற்காகக் காத்திருக்கிறீர்கள் என்று விசாரித்தது. அத்தை பொறுமையாக, கண்ணாடிக் கதை முழுவதையும் சொன்னார். அந்தக் குடும்பத்துப் பெரியவர் தன் புது வண்டியில் ஏறி நான்கு கண்ணாடியையும் ஏற்றி இறக்கிப் பார்த்தார். அதற்கப்புறம்தான் டை எழுந்து வந்தார்.

“சரி மேடம், ரோட் டெஸ்ட் போயிடலாம். நீங்க ஓட்டுங்க.”

“நான் ஓட்டினா நான்தான் எதையோ பண்ணிட்டேன்னு எழுதுவீங்க. நீங்களே ஓட்டுங்க. ஏசி போடாம.”

அத்தை தன் வழக்கமான பக்கத்து இருக்கையில், செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். நான் பின்னால் ஏறினேன். உள்ளே அடுப்பு மாதிரி இருந்தது.

“சீட் சுடுது மேடம்.”

“சுடும்.”

வண்டி வாசலுக்கு வந்தது. “இன்னும் ஒட்டிப் போங்க. சீட்டு குடுக்கக் கை எட்டணும்ல” என்றார் அத்தை, வகுப்பில் பேசும் குரலில். அந்தக் குரல் கேட்டால் யாருக்கும் கை தானாகத் திரும்பும். டையும் ஒட்டிப் போனார். கதவுக்கும் கூண்டுக் கம்பத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இருந்தது. அவர் பட்டனை அமுக்கினார். மூன்று விரல். முனகல். நின்றுவிட்டது.

“சார், சீட்டு” என்றார் காவலாளி.

டை அந்த இடுக்கு வழியாகச் சீட்டைச் சொருகப் பார்த்தார். அது அட்டை. பாதியில் மாட்டிக்கொண்டது.

“தெரியுதில்ல, நான்தான். கேட் கம்பியைத் தூக்குங்க” என்றார் டை.

“சார், நீங்கதானே போன வாரம் சொன்னீங்க, டிரைவர் கையால வாங்காம ஒரு வண்டியையும் விடக் கூடாதுன்னு. கையெழுத்து வேற வாங்கினீங்க.”

டை கதவைத் திறந்தார். கம்பத்தில் இடித்தது. பின்னால் இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்தன. வண்டியை முன்னால் நகர்த்தப் பார்த்தார். நகரவில்லை. அத்தையின் வெறுங்கால் பிரேக் மேல் இருந்தது.

“காலை எடுங்க மேடம்.”

“அவசரப்படாதீங்க. குறை உங்க கண்ணு முன்னாடி வந்திருக்கு. நல்லாப் பாத்துக்கோங்க. பாத்ததை எழுதுங்க.” வேலைச் சீட்டையும் பேனாவையும் அவர் மடியில் வைத்தார். டையின் வியர்வை சீட்டின் மேல் சொட்டியது. மணி இரண்டு ஐந்துக்கு, மத்தியான வெயிலில் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி இறங்கவில்லை என்று தன் கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தை காலை எடுத்தார்.

என் கோபம் இதற்கப்புறம்தான் அதிகமானது. மாற்ற வேண்டிய மோட்டாரும் ரப்பரும் முதல் நாளிலிருந்தே உள்ளே அலமாரியில் இருந்தன. வேலை நாற்பது நிமிஷம்தான். பத்து நாள் ஒரு மனுஷியை அலைய விட்டதற்கு யாரும் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. நான் டையிடமே கேட்டேன். “பாப்பா, ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்” என்றார்.

இருபதாம் தேதி மத்தியானச் சோதனையில் கண்ணாடி முழுதும் இறங்கியது. பெர்மிட் கிடைத்தது. அத்தை தன்னிடம் கற்கிற முப்பத்தொரு பேருக்கும் ஃபோன் போட்டு மறுநாளே வகுப்பைத் தொடங்கினார். அந்த வாரமே ஷோரூமிலிருந்து ஒரு செய்தி வந்தது. ஊழியரிடம் தகாத முறையில் நடந்துகொண்டதால் இனி அந்த வண்டிக்கு அங்கே சர்வீஸ் கிடையாதாம். அத்தை அதைப் படித்துவிட்டு, “நல்லது, பெட்ரோல் மிச்சம்” என்றார். என்னால் அப்படிச் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை. இன்னும் அந்தத் தெரு வழியாகப் போனால் பல்லைக் கடிக்கிறேன்.

நேர்மையாக எழுத வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். இரண்டாவது தடவையும் தேர்வில் நான் ஃபெயில். ரிவர்ஸ் எடுக்கும்போது கம்பத்தில் இடித்தேன். அது முழுக்க என் தப்பு. கண்ணாடி மேல் பழி போட முடியாது.

இதைப் படித்தவர்கள் இன்னும் இரண்டு பேருக்காவது சொல்லுங்கள். முக்கியமாக, வேலைச் சீட்டில் ‘குறை இல்லை’ என்று அச்சடித்து வைத்திருக்கும் இடத்துக்குக் கீழே கையெழுத்துப் போடப் போகிறவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், பேனாவைக் கையில் எடுப்பதற்கு முன்னால் அவருக்குச் சொல்லிவிடுங்கள்.