அம்மா ருசி பார்க்காத சோஸ்

நத்தார் என்கிற கிறிஸ்மஸுக்கும் எங்களுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நாங்கள் சைவக்காரர். ஆனால் இத்தாலியின் பலெர்மோவில் ஊரே கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்குள் இருந்து சாப்பிடுகிற நாள் அது. அதனால் எங்கள் வீட்டிலும் எல்லோரும் ஒரே மேசையில் இருந்து சாப்பிடுகிற ஒரே நாள் அதுவாகிப் போனது. அப்பா ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு மீன் சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவினார். அம்மா, சிஞ்ஞோரா என்று கூப்பிடுகிற ஒரு இத்தாலிய அம்மாள் வீட்டில் கூட்டித் துடைத்து, சமைத்து, அந்த அம்மாளின் படுத்த படுக்கையான புருஷனையும் பார்த்துக்கொண்டார். ஒரேத்தோ பகுதியில் எங்கள் மூன்றாம் மாடி வீட்டில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே அபூர்வம். என் சிறுவயதை நினைத்தால் முதலில் வருவது, சோற்றுக் கோப்பைக்கு முன்னால் தூங்கி விழுகிற இரண்டு பெரியவர்களின் முகம்தான்.

எனக்கு ஒன்பது வயதான வருஷம், நத்தார் லீவுக்கு கனடாவிலிருந்து பெரியம்மாவும் பெரியப்பாவும் வந்தார்கள். அம்மாவின் கூடப்பிறந்த அக்கா. பிள்ளைகள் இல்லை. அவர்கள் சும்மா ஊர் பார்க்க வரவில்லை, என்னைக் கேட்டு வந்திருந்தார்கள். தங்களோடு கூட்டிக்கொண்டு போய், அங்கே இங்கிலீஷில் படிப்பித்து ஆளாக்கிவிடுவதாகப் பேச்சு. அப்பாவுக்கு இதில் பூரண சம்மதம். கனடா என்ற சொல்லை அவர் சாமியின் பெயரைச் சொல்லுகிற மாதிரித்தான் சொல்வார். அம்மா மட்டும் வாயே திறக்கவில்லை. எனக்கோ கனடா என்றால் பனியும், எனக்கென்று ஒரு தனி அறையும். போனால் அம்மா கூட இருக்கமாட்டார் என்பது தெரியும். ஆனால் அது எத்தனை வருஷத்துக்கு என்று கேட்கத் தோன்றவில்லை.

பெரியம்மாவோடு அம்மா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனில் கதைப்பார். வாளிக்குள் உப்புப் போட்ட சுடுதண்ணீர், அதற்குள் அம்மாவின் வீங்கிப்போன கால்கள். "நல்லாயிருக்கிறன் அக்கா, ஒரு கரைச்சலும் இல்லை" என்பார். போனை வைத்தபிறகு கதிரையிலிருந்து எழும்ப என்னைத்தான் பிடிப்பார். எனக்கு அதில் முரண்பாடு ஒன்றும் தெரியவில்லை. போனில் கதைக்கிற முறை அப்படி என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வந்த அன்றே பெரியம்மா சூட்கேசைத் திறந்து, சொக்லேட்டுகளுக்கும் கம்பளிச் சட்டைகளுக்கும் அடியிலிருந்து இரண்டு பெரிய பைக்கற்றுகளை எடுத்தார். காய வைத்த கிரான்பெரி. கடும் சிவப்பு, சுருங்கின திராட்சை வற்றல் போல இருந்தது. கனடாவில் நத்தார் என்றால் சுட்ட வான்கோழியும் இந்தப் பழத்தில் காய்ச்சுகிற சோஸும்தானாம். அது இல்லாமல் மேசையில் யாரும் கை வைக்க மாட்டார்களாம்.

"பிள்ளை இப்பவே சாப்பிட்டுப் பழகட்டும். நான் காய்ச்சுறன்" என்றார் பெரியம்மா.

"வேண்டாம் அக்கா, நான் செய்யிறன்" என்றார் அம்மா.

கனடாப் பேச்சில் அம்மா வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

அது பிள்ளையார் கதை விரத காலம். இருபத்தொரு நாளும் அம்மா பகலில் தண்ணீரும் தேத்தண்ணீரும் மட்டுமே குடிப்பார். மாலையில் விளக்கேற்றிக் கதை படித்தபிறகுதான் ஒரு நேரச் சாப்பாடு. அத்தனை நாளும் குசினிக்குள் இறைச்சி வரக்கூடாது. ஆகவே வான்கோழிக்குப் பதில் கோழியை அப்பா சுட்டதாகக் கடையில் வாங்கி முன்னறையில் வைப்பார் என்றும், சோஸ் மட்டும் குசினியில் ஆகும் என்றும் தீர்மானமானது. எதற்காக இந்த வருஷம் இவ்வளவு கடுமையாகப் பிடிக்கிறாய் என்று அப்பா ஒருநாள் கேட்டார். பிள்ளையாருக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு அம்மா சட்டிபானையைக் கழுவப் போய்விட்டார்.

விரதக்காரர் சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்கக்கூடாது. அதனால் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ருசி பார்க்கிற உத்தியோகம் என்னுடையது. உப்புக் காணுமோ, புளி கூடவோ என்று கேட்டால் நீதிபதி மாதிரி ஒரு நிமிஷம் யோசித்துத்தான் பதில் சொல்வேன். அந்த ஒரு விஷயத்தில்தான் என் சொல் வீட்டில் எடுபட்டது.

நத்தாருக்கு முதல் நாள் பின்னேரம் அம்மா சிஞ்ஞோரா வீட்டிலிருந்து வந்தபோது விரல் நுனி எல்லாம் கறுத்திருந்தது. அன்று அங்கே இரவு விருந்து. பலெர்மோக்காரர் அன்றைக்கு மாவில் தோய்த்துப் பொரிக்கிற கார்தோ என்ற தடித்த தண்டை மலைபோலக் குவித்து வைத்து, அம்மாவை நார் உரிக்க விட்டிருக்கிறார்கள். அதன் கறை எதைப் போட்டுத் தேய்த்தாலும் இரண்டு நாளைக்குப் போகாது. பெரியம்மாவும் பெரியப்பாவும் கால்சாப் பக்கம் கடல் பார்க்கக் கிளம்பிப் போனார்கள். அம்மா சப்பாத்தைக் கழற்றினார். உடுப்பு மாற்றவில்லை. அடுப்பைப் பற்றவைத்தார்.

பெரியம்மா சொல்லிவிட்டுப் போன கணக்கு பச்சைப் பழத்துக்கானது. வந்ததோ ஏற்கெனவே சீனியில் ஊறவைத்துக் காய வைத்த பழம். வாயில் ஒன்றைப் போட்டிருந்தால் அம்மாவுக்கு உடனே தெரிந்திருக்கும். போடவில்லை. சொன்ன கணக்குப்படி சீனி முழுவதையும் கொட்டி, தோடம்பழச் சாறும் விட்டுக் கொதிக்கவைத்து, கரண்டியில் எடுத்து ஊதி என்னிடம் நீட்டினார்.

"சரியான இனிப்பு, சீனி கூடிப்போச்சு" என்றேன்.

எலுமிச்சம்பழம் பிழிந்தார். புளித்தது. திரும்பச் சீனி போட்டார். பிறகு தோடம்பழத் தோலையும் நறுக்கிப் போடச் சொன்னது நினைவு வந்து, உள்ளே இருக்கிற வெள்ளையை வழிக்காமல், அப்படியே நறுக்கிப் போட்டார். சாதாரண நாளில் அம்மா அப்படிச் செய்பவர் அல்ல. ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி மற்றக் காலில் வைத்துக் கொக்குப் போல நின்றபடிதான் கிளறினார். கண் தானாக மூடிக்கொண்டு போனது.

அடுத்த கரண்டி வந்தது. கசந்தது. தொண்டைக்குள் போயும் நிற்காத கசப்பு. நான் அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கசக்கிறது என்று சொன்னால் அவர் இன்னொரு தரம் நிற்கவேண்டும். எனக்கு அம்மாவை அந்தக் கதிரையில் இருத்திவிட வேண்டும் போல இருந்தது, வேறொன்றும் இல்லை.

"நல்லாயிருக்கு அம்மா" என்றேன்.

"உண்மையாவோ?"

"ஓம்."

"ஒவ்வொரு நாளும் தந்தாலும் சாப்பிடுவியோ?"

"ஓம், சாப்பிடுவன்."

அம்மா அடுப்பை நிற்பாட்டினார். கதிரையில் இருந்தார். நான் எதிர்பார்த்த ஆறுதல் மட்டும் அவர் முகத்தில் வரவில்லை. நான் ஏதோ தூரத்தில் நிற்பதுபோல என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த நாள் மத்தியானம் சோஸ் மேசைக்கு வந்தது. சிஞ்ஞோரா பழசென்று கழித்துத் தந்த கண்ணாடிக் கிண்ணத்தில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. பெரியப்பா ஒரு கரண்டி எடுத்தார், பிறகு அதைக் கோப்பை ஓரமாக ஒதுக்கிவிட்டுக் காலநிலையைப் பற்றிக் கதைத்தார். பெரியம்மா கொஞ்சம் தண்ணீர் குடித்தார். தங்கச்சி செய்ததைக் குறை சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அப்பாவுக்குக் கோழியே போதும். இந்த முறை அம்மா விரதமென்று சாப்பிடாமல் பக்கத்தில் நின்று பரிமாறினார். முதல் நாள் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டிய ஆள் நான் ஒருத்திதான். இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன், சிரித்துக்கொண்டே.

"பாத்தியளே, பிள்ளை அங்கை சமாளிச்சுப்போடுவாள்" என்று அப்பா வெற்றியோடு சொன்னார்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தார். பிறகு பெரியம்மாவைப் பார்த்து, "அவளுக்குப் பிடிச்சிருக்கெண்டால் கூட்டிக்கொண்டு போங்கோ அக்கா" என்றார். பெரியம்மா எழும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நான் பனியைப் பற்றி யோசித்தேன்.

பொழுதுபட்டதும் அம்மா விளக்கேற்றினார், கதை படித்தார், குசினிக்குள் போய்த் தன் ஒரு நேரச் சோற்றைப் போட்டுக்கொண்டார். மிச்சம் இருந்த கறி எது என்று பார்த்தால் சோஸ்தான் தாராளமாக இருந்தது. வீணாக்குகிற பழக்கம் அம்மாவுக்கு இல்லை. சோற்றின் ஓரத்தில் ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் வாய் அசையாமல் நின்றது. மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அடி விழும் என்று நினைத்தேன். அம்மா என்னைக் கிட்ட இழுத்து, கறை படிந்த அந்தக் கையாலேயே என் கன்னத்தைத் தடவிவிட்டு, கோப்பையை அப்படியே வைத்துவிட்டு முன்னறைக்குப் போனார்.

"அக்கா, கோவியாதேங்கோ. இவளை அனுப்பேலாது."

அம்மா தொடர்ந்தார்: "இவள் என்னைப்போல. கசந்தாலும் நல்லாயிருக்கெண்டுதான் சொல்லுவாள். நான் இஞ்சை இருந்து என்னெண்டு அறியிறது?"

"சோஸ் கசந்ததுக்கு ஆரும் பிள்ளையின்ர படிப்பை நிப்பாட்டுவினமோ?" என்று அப்பா கத்தினார். களைத்த மனுஷன், பாவம், அவருக்கு அது அவ்வளவுதான் விளங்கியது. பெரியம்மா கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. அம்மாவின் கறுத்த விரல்களையும், பிறகு கால்களையும் பார்த்தார். போனில் கேட்ட இத்தனை ஞாயிற்றுக்கிழமைகளை அவர் அப்போதுதான் எண்ணத் தொடங்கினார் என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்கு அழுகை வந்தது. ஒரு கரண்டி சோஸால் பனியும் போச்சு, தனி அறையும் போச்சு. ஆனாலும் அந்த அழுகைக்கு நடுவே ஒரு பெருமை. அதுவரை என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும், மூக்கும் அப்பா, நெற்றியும் அப்பா, அச்சு அப்பன் என்றே சொல்லியிருந்தார்கள். முதல் தடவையாக ஒருவர், அதுவும் அம்மாவே, என்னைத் தன்னைப்போல என்று சொல்லியிருக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு குளியலறைக் கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, எந்த இடத்தில் என்று வெகுநேரம் தேடிப் பார்த்தேன்.