எல்லார் பார்சலும் ஆன்டி வீட்டுக்கு

நான் வாங்காத சாமான் கிடையாது. பூண்டு உரிக்கும் கருவி, முட்டை மட்டும் அவிக்கும் மின்சாரச் சட்டி, ஒரு தடவைகூட விரிக்காத யோகா பாய் எல்லாம் என் வீட்டில் உண்டு. என் கணவர் ராஜன் இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார். இத்தனைக்கும் அவருக்குத் தெரிந்தது பாதிதான். மீதி தெரியாமல் போனதற்குக் காரணம் கீழ்வீட்டு மகதலேனா ஆன்டி. அவரைப் பற்றி எழுதாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

பிரிக்பீல்ட்ஸில் எங்களுடையது பழைய நாலு மாடி ஃபிளாட். லிஃப்ட் இல்லை, காவலாளி இல்லை. பகலில் எல்லாரும் வேலைக்குப் போய்விடுவோம். பார்சல்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு கேட்டில் தொங்கவிட்டுப் போய்விடுவார். ஒரு தீபாவளிக்கு முன்பு, கிள்ளான் சேலைக்கடை ஒன்று ஃபேஸ்புக் லைவில் விற்ற மயில்கழுத்துச் சேலையை நாலு பேரோடு மல்லுக்கட்டி வாங்கியிருந்தேன். அது வந்து சேர்ந்த நேரம் பார்த்து வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. சேலை போச்சு என்று ஆபீஸில் புலம்பிவிட்டு வீடு திரும்பினால், ஆன்டி வாசலில் நின்று கூப்பிட்டார். பார்சல் அவர் வீட்டு மேசை மேல் ஈரம் துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"நனைஞ்சிரும்னு எடுத்து வெச்சேன்மா. திறந்து பார்க்கல," என்றார்.

திறந்து பார்க்கல என்று அவர் சொன்னதை நம்பலாம். ஆன்டி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கல்லாவில் உட்கார்ந்து காலம் தள்ளியவர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து, ரயிலில் கார்டாக வேலை பார்த்த ரேமண்டைக் கட்டிக்கொண்டு, அவர் ஊர் ஊராய் ஓடிய காலமெல்லாம் தனியாக வேலையும் பார்த்து மகன் ரோனியையும் வளர்த்தார். யார் என்ன வாங்குகிறார்கள் என்பதைப் பார்த்தாலும் பார்க்காத மாதிரி இருப்பதுதான் கல்லாக்காரியின் முதல் மரியாதை என்பார். அரிசிக்கு அடியில் பீர் டின்னை ஒளித்து வைத்துக்கொண்டு வரும் ஆளிடம்கூட அவர் முகம் மாறியதில்லையாம். எங்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாம் மாடி தங்கமணி அக்கா, மாமியாருக்குத் தெரியாமல் வாங்கும் சட்டிகளை ஆன்டி வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். நான் என் செருப்புகளை அனுப்பச் சொன்னேன். மெல்ல மெல்ல ஃபிளாட் முழுவதும் அந்த வழிக்கு வந்தது. மீட்டிங் நடுவில் பார்சல்காரர் போன் அடித்தால் தொல்லை என்று, எல்லாரும் ஷாப்பிங் ஆப்பில் விலாசத்தோடு ஆன்டியின் போன் நம்பரையும் போட்டுவிட்டோம். அவரும் சரி என்றார். வெயிலில் வரும் பார்சல்காரர்களுக்கு குடிக்க இனிப்பாக ரோஸ் சிராப் தண்ணி கலந்து வைத்திருப்பார். சாப்பாட்டு மேசைக்கு அடியில் முதல் மாடி, சோபாவில் இரண்டாம் மாடி, பழைய தையல் மெஷின் மேல் மூன்றாம் மாடி என்று அவரே இடம் பிரித்திருந்தார். சாயங்காலம் பார்சல் எடுக்கப் போனால் எடுத்த கையோடு வர முடியாது. உட்கார வேண்டும், டீ குடிக்க வேண்டும், பிள்ளைகள் பரீட்சை எழுதிய லட்சணத்தைச் சொல்லியாக வேண்டும்.

உங்களுக்குச் சிரமமாக இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். ரேமண்ட் அங்கிள் இறந்து, ரோனியும் ஜொகூர் பாருவுக்கு வேலைக்குப் போன பிறகு, தன் வீட்டுக் கதவைத் தட்ட ஓர் ஆள் இல்லாமல் இருந்ததாகச் சொன்னார்.

"ஆள அனுப்பு ஆண்டவரேன்னு கேட்டேன்மா. அவரு பொட்டி பொட்டியா அனுப்பினாரு. பொட்டிக்குப் பின்னால நீங்கல்லாம் வந்தீங்க. தினம் நன்றி சொல்றேன்."

எங்கள் ஊதாரித்தனத்துக்கு ஜெபமாலையில் நன்றி சொன்ன ஒரே ஆத்மா அவராகத்தான் இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. இன்னொரு டீ கேட்டு வாங்கிக் குடித்தேன்.

ரோனி நல்ல பிள்ளைதான். ஆனால் பிடித்தால் பிடித்த பிடி. தனியாக இருக்க வேண்டாம், ஜொகூருக்கு வந்துவிடுங்கள் என்று போனில் அம்மாவை நச்சரித்துக்கொண்டே இருந்தான். ஆன்டிக்கோ இந்த வீட்டையும், நடந்து போகும் தூரத்தில் இருக்கும் மாதா கோயிலையும் விட மனமில்லை. தினமும் வீடு நிறைய ஆள் வருகிறது என்று சொல்லியே அவன் வாயை அடைத்து வந்தார்.

அந்த நேரத்தில்தான் ஃபிளாட் கமிட்டித் தலைவர் திருச்செல்வம் அண்ணன் ஒரு நல்ல காரியம் செய்யக் கிளம்பினார். பதினொன்றாம் மாத மலிவு விற்பனையில் பெட்டிகள் ஆன்டி வீடு கொள்ளாமல் நடைபாதை வரை வந்துவிட்டன. முட்டி வலிக்காரருக்கு இத்தனை வேலை கொடுக்கலாமா என்று எங்களைத் திட்டிவிட்டு, மாடிப்படிக்குக் கீழே பார்சல் லாக்கர் ஒன்றைப் பொருத்த ஏற்பாடு செய்தார். பார்சல்காரர் உள்ளே வைத்துப் பூட்டியதும் வாங்கியவர் போனுக்கு ஒரு கோட் நம்பர் வரும். அதை அழுத்தினால் கதவு திறக்கும். இனி யாரும் ஆன்டியைத் தொந்தரவு செய்யத் தேவையில்லை.

முதல் நாள் லாக்கர் நிரம்பியது. ஆனால் யாருக்கும் கோட் வரவில்லை. வேலை முடிந்து வந்த எல்லாரும் லாக்கர் முன்னால் நின்று திருச்செல்வம் அண்ணனைப் பிடித்துக்கொண்டோம். என் குரல்தான் உச்சத்தில் இருந்திருக்கும். அண்ணன் லாக்கர் கம்பெனிக்குப் போன் போட்டு, அவர்களைத் தன் பங்குக்குத் திட்டினார். சத்தம் கேட்டு ஆன்டி எட்டிப் பார்த்தார். காலையிலிருந்து தன் போனுக்கு ஏதோ நம்பராக வந்துகொண்டிருந்ததாகவும், ஸ்கேம்காரன் வேலை என்று பயந்து போனை அணைத்து வைத்துவிட்டதாகவும் சொன்னார். எல்லாரும் அவரவர் ஆப்பைத் திறந்து பார்த்தோம். எங்கள் ஒருத்தர் ஆப்பிலும் எங்கள் சொந்த நம்பர் இல்லை. திருச்செல்வம் அண்ணன் ஆப்பிலும்தான்.

நம்பரை மாற்ற ஒரு நிமிடம் போதும். ஆனால் யாரும் மாற்றவில்லை. சாயங்காலமானால் கோட் கேட்டு ஆன்டி வீட்டு வாசலில் நின்றோம். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக வாசிப்பார், நாங்கள் டீ குடித்துவிட்டுப் போவோம்.

அப்படி நின்றுகொண்டிருந்த ஒருநாள் ரோனி லீவு போட்டுவிட்டு வந்து இறங்கினான். விஷயத்தைக் கேட்டதும் விழுந்து விழுந்து சிரித்தான். எல்லாரும் போன பிறகும் நான் பாத்திரம் கழுவ உதவிக்கொண்டு அங்கேதான் இருந்தேன். அவன் அம்மாவிடம் மெதுவாகத்தான் சொன்னான். "மம்மி, கோவிச்சுக்காதீங்க. அவங்க பொட்டிக்குத்தான் வராங்க, உங்களுக்காக வரல. நாளைக்கு நான் அவங்க நம்பரை எல்லாம் மாத்திக் கொடுத்திடறேன். அதுக்கு அப்புறம் யாரு வராங்கன்னு பாருங்க."

ஆன்டி கையிலிருந்த டம்ளரைத் துடைத்து வைத்தார். பிறகு, "யாரும் வரலன்னா உன்னோட வந்திடறேன்டா," என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. கையைத் துடைத்துக்கொண்டு மேலே வந்துவிட்டேன். அவன் சொன்னது பொய் என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. பார்சல் இல்லாத நாளில் ஆன்டி வீட்டு வாசலை மிதித்தேனா என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு நாளும் நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் ரோனி லாக்கர் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் பொறுமையாக நம்பரை மாற்றிக் கொடுத்தான். என் போனையும் வாங்கி மாற்றினான். அவன் ஒன்றும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. அம்மா ஒருநாள் தனியாக விழுந்து கிடந்தால் என்ன செய்வது என்ற பயம் அவனுக்கு.

அதற்கு அடுத்த நாள் என் கோட் என் போனுக்கே வந்தது. ஆபீஸ் விட்டு வந்து நானே லாக்கரைத் திறந்தேன். உள்ளே இருந்தது வெங்காயம் நறுக்கும் கருவி. ஆன்டி வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. வாசல் ஓரத்தில் துணிமணி கட்டி வைத்த பெரிய பை. அவர் போனை மேசை மேல் வைத்து அதையே பார்த்தபடி இருந்தார். நான் விறுவிறுவென்று மாடியேறிப் போய்விட்டேன். வீட்டுக்குள் போய்ப் பெட்டியைப் பிரிக்கக்கூடத் தோன்றவில்லை. வெங்காயம் நறுக்கக் கத்தி இல்லாமலா போய்விட்டது என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. வந்த வேகத்திலேயே வெறுங்கையோடு இறங்கிப் போனேன்.

ரோனிதான் முதலில் பார்த்தான். "என்னக்கா, கோட் வரலையா?"

"வந்துச்சு. பார்சலையும் எடுத்திட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? ஆன்டியைப் பார்க்க வந்தேன்." கொஞ்சம் சூடாகவே சொல்லிவிட்டு, அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெங்காயக் கருவி வாங்கிய கதையைச் சொன்னேன். ஆன்டி சிரித்தார், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

டீ ஆறுவதற்குள் தங்கமணி அக்கா ஒரு கிண்ணம் பயத்தம்பருப்புக் கஞ்சியோடு வந்தார். தினமும் வந்து பழகிய கால், வீட்டில் நிற்கமாட்டேன் என்கிறது என்றார். அவர் பின்னாலேயே இரண்டாம் மாடிக்காரர்கள் வந்தார்கள். யார் கையிலும் போன் இல்லை. திருச்செல்வம் அண்ணன் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று ரோனியைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு உட்கார இடமில்லை.

ரோனி எல்லார் முகத்தையும் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். பிறகு வழியில் கிடந்த பையைத் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போனான். திரும்பி வரும்போது இரண்டு கையிலும் நாற்காலி.

"உட்காருங்கண்ணே," என்றான். "மம்மி, பால் பத்தாது. நான் போய் வாங்கிட்டு வரேன்."