சிடியில் மிஞ்சிய கை

எனக்கு எழுத அவ்வளவாக வராது, மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுக்குக் கல்யாணம் இரண்டாயிரத்து ஏழில் என்று நினைவு. சிடி போடும் முன் கோட்டாறு ஸ்டுடியோக்காரர் வீடியோவைக் காட்டினார். தாலி கட்டும்போது என் நாத்தனார் தங்கம் மகன் பக்கத்தில் நின்றாள். அவனைத் தூக்கி வளர்த்தவள், புருஷனை இழந்தவள். பெண்வீட்டார் ஏதாவது சொல்வார்களோ என்று பயந்து, "இவ வாற இடத்தையெல்லாம் வெட்டிருங்க" என்றேன்.

சிடி வந்ததும் தங்கம் பார்க்க வந்தாள். மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கடைசியில், பந்தியில் ஒரு கை மட்டும் பாயசம் ஊற்றியது. வளையல் இல்லாத கை, மணிக்கட்டில் சூட்டுத் தழும்பு.

"மைனி, அது எங் கைதானே?"

"சமையலுக்கு வந்தவ கையா இருக்கும்" என்றேன்.

"இருக்கும், இருக்கும்" என்று மணிக்கட்டைச் சேலையால் மூடிக்கொண்டாள். "வீடியோ நல்லாருக்கு மைனி."

அதன்பிறகும் எப்போதும்போல வந்து போனாள். அவள் இறந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வருஷம் சரிதானா என்று என் மகன் பார்த்துச் சொல்லட்டும். சிடி அலமாரியில் இருக்கிறது. பந்தி வரும் இடத்தையும் அவன் பார்க்கட்டும்.